அக்கா கொடுத்த நற்சான்று

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்னபோது எனக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நரம்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூளை சுத்தமா இருக்குதுங்க, கவலைப்பட ஒண்ணும் இல்ல" என்றார். அதற்கு முன்பே தைராய்டு நார்மல், சர்க்கரை நார்மல், வைட்டமின் நார்மல். ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அதற்கும் "டென்ஷன் ஆகாதீங்க" என்பதுதான் பதிலாகக் கிடைத்தது. எல்லாம் நார்மல் என்றால், ஓடுகிற தண்ணீரைப் பாதியில் விட்டுவிட்டு நான் ஏன் போனேன்?

நாற்பத்தெட்டு வயதில், எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்று கேட்டுப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் படிகளை ஏறி இறங்கிய கதை இது. இதே சந்தேகத்தோடு அந்த வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு, எங்கே காலம் வீணாகும் என்பதாவது முன்கூட்டியே தெரியட்டும். நான் மருத்துவன் அல்ல. எனக்கு நடந்ததை, நடந்த வரிசையில் சொல்லத்தான் முடியும்.

மரக்காணத்தில் எங்கள் உப்பளத்தை நானும் என் மனைவி செல்வியின் தம்பி சேகரும் சேர்ந்து நடத்துகிறோம். ஆள் வைப்பதும் லாரிக்காரர்களிடம் பேசுவதும் அவன் வேலை. தண்ணீர் பார்ப்பது என் வேலை. உப்புத் தண்ணீரை ஒரு தேக்கத்திலிருந்து அடுத்த தேக்கத்துக்கு மாற்றி மாற்றி வெயிலில் சுண்ட விட வேண்டும். கண்ணாடி மிதவையைப் போட்டு எத்தனை டிகிரி என்று பார்க்க வேண்டும். நன்றாகச் சுண்டிய தண்ணீரைத்தான் கடைசியில் பாத்திக்கு விடலாம். சுண்டாத தண்ணீர் உள்ளே போனால், பாத்தியில் ஏற்கெனவே விளைந்து கிடக்கும் உப்பையும் கரைத்துவிடும். அதனால் தண்ணீர் மாற்றும்போது மடையை விட்டு ஆள் நகரக் கூடாது. வேலையில் இருக்கும் ஒரே சட்டம் அதுதான்.

போன வருடம் மே மாதத்தில் ஒரு சாயங்காலம் நடுத் தேக்கத்துக்கு மடையைத் திறந்துவிட்டு நின்றேன். மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பேரிங் போகிற சத்தம் போலிருந்தது. போய்ப் பார்த்தேன். ஸ்பேனர் தேடினேன். பெட்டிக்குள் எல்லாம் கலந்து கிடந்தன. அளவு வாரியாக அடுக்க ஆரம்பித்தேன். அடுக்கி முடித்தபோது மனதுக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். தேக்கம் நிரம்பி, வரப்பு வழிந்து, தண்ணீர் பாத்திகளுக்குள் இறங்கிவிட்டது. காலையில் உப்பு வாருவதற்குப் பலகையோடு வந்தவர்கள் பாத்தியில் தங்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அந்த சீசனில் அது முதல் தடவையும் இல்லை.

சேகர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். வரப்பின் மேல் உட்கார்ந்து, காலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே சொன்னான்:

"மாமா, கோச்சிக்காதீங்க. அடுத்த சீசன்லேர்ந்து தண்ணிய நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டுல உக்காந்து கணக்கப் பாருங்க. உங்களுக்குதான் எழுதறது நல்லா வருதே."

எழுதுவது எனக்கு நன்றாக வரும் என்பது உண்மைதான். இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் காற்றின் திசை, தேக்கங்களின் டிகிரி, யார் வந்தார்கள், யாரிடம் என்ன சொன்னேன், சாவியை எங்கே வைத்தேன் என்பதுவரை எழுதிவிடுவேன். எழுதாத எதுவும் என்னிடம் தங்காது. ஆனால் கணக்குப் பார்க்கச் சொன்னது என்னை வீட்டுக்கு அனுப்புவதுதான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே வேலை தண்ணீர். கடலிலிருந்து கொண்டல் காற்று திரும்பினால் எந்தத் தேக்கம் எவ்வளவு பின்தங்கும் என்று மிதவை போடாமலே சொல்வேன். அந்தத் தண்ணீரைத்தான் என்னிடமிருந்து எடுக்கிறான். எடுப்பதற்கு அவனிடம் நியாயமும் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

மழை முடிந்து, பொங்கலுக்குப் பிறகு அளத்தில் மறுபடி வேலை தொடங்கும். அதற்குள் நான் சரியாக வேண்டும். அந்த ஒரு நோக்கத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

செல்வியின் பயம் வேறு. "எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தாங்க ஆரம்பிச்சுது. கடைசில எங்க பேரே தெரியல" என்று அழுதாள். ஸ்கேன் வரைக்கும் போனது அந்த அழுகையால்தான். படத்தைக் கீழே வைத்துவிட்டு நரம்பு மருத்துவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது எப்பலேர்ந்து இருக்குது?"

"எப்பவுமே இருக்குதுங்க."

"புதுசா வந்தா மறதி. எப்பவுமே இருந்தா வேற கணக்கு" என்று சொல்லி, ஒரு சீட்டில் மனநலப் பிரிவு என்று எழுதிக் கொடுத்தார்.

மனநலப் பிரிவு இரண்டாவது மாடியில், தோல் பிரிவைத் தாண்டி நடையின் கடைசியில் இருந்தது. செல்வி தோல் பிரிவு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இங்கயே குந்துவோம். கூப்ட்டா போய்க்கலாம். நம்மூரு ஆளுங்க யாராவது பாத்தா இன்னா சொல்றது?" ஊரில் அவள் சொல்லியிருந்தது பிரஷர் என்று. ஆகவே கையைச் சொறிந்துகொண்டிருந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தோம். பக்கத்திலிருந்த கோட்டக்குப்பத்துப் பெரியவர் அக்கறையாக விசாரித்தார்: "எத்தினி நாளா தம்பி அரிப்பு?" நான் யோசிக்காமல், "சின்ன வயசுலேர்ந்துங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மெல்ல ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

முதலில் ஒரு பயிற்சி மருத்துவர் கேள்வித்தாளை நிரப்பினார். சின்னப் பையன், நல்ல பையன்தான். எடுத்த வேலையை முடிக்காமல் விடுவதுண்டா, பொருளைத் தொலைப்பதுண்டா, பிறர் பேசும்போது மனம் வேறெங்காவது போகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் அடிக்கடி என்றேன். மறக்காமல் இருக்கட்டும் என்று நாட்குறிப்புகளைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அவர் இரண்டைப் புரட்டிப் பார்த்தார். கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, ஒரு நாள் விடாமல் நிரப்பிய பக்கங்கள்.

"சார், இவ்ளோ நீட்டா எழுதறவருக்கு ஏ.டி.எச்.டி. இருக்காதுங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

ஊன்றுகோல் பிடித்து வருகிறவனைப் பார்த்து, நன்றாகத்தானே நடக்கிறாய் என்று சொல்வதுபோல் இருந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்ல அப்போது வாய் வரவில்லை. பேருந்தில் வரும்போதுதான் வந்தது.

அடுத்த தடவை பெரிய மருத்துவரைப் பார்த்தோம். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். பெயர் வேண்டாம், நாங்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஏ.டி.எச்.டி. என்றால் கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த குறைபாடு என்று தமிழில் சொல்கிறார்கள். கவனக்குறைவு என்ற சொல் சரியில்லை என்று அவரே சொன்னார். "கவனம் இல்லாம இல்லைங்க. அது போற இடத்துக்குப் போவுது. நீங்க வைக்கற இடத்துல நிக்கல. ஸ்பேனர் அடுக்கும்போது உங்க கவனம் எப்படி இருந்துச்சு?"

"உலகமே தெரியலைங்க."

"அதத்தான் சொல்றேன்."

எனக்குக் கண் கலங்கியது. உடனே மருந்து உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். ஒரு வகை, சாப்பிட்ட அன்றைக்கே வேலை செய்யும். ஆனால் கட்டுப்பாடு உள்ள மருந்து, எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும். இன்னொரு வகை, மெதுவாக ஏறும்; பலன் தெரிய வாரக் கணக்காகும். இரண்டிலும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏற வாய்ப்புண்டு என்பதால், எனக்கு முதலில் அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகுதான் எதையும் தொடங்க முடியும்.

"மாத்திரை உங்கள வேற ஆளா மாத்தாதுங்க. சத்தம் கேக்கறதுக்கும் எழுந்து போறதுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் குடுக்கும். அந்த இடத்துல நீங்க முடிவு பண்ணணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு வேணும்."

வேண்டியது சாட்சி. இந்தக் குறைபாடு நடுவயதில் திடீரென்று வருவதில்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறி இருந்திருக்க வேண்டும். பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை எல்லாம் பெரியவர்களிடம் இதேபோல வேஷம் போடும். ஆகவே சிறுவயதில் என்னைப் பார்த்தவர் யாராவது நேரில் வந்து சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் இல்லை. பள்ளியில் என்னைப் பற்றிய காகிதம் எதுவும் மிஞ்சவில்லை. மிச்சம் இருந்தது பெருமுக்கலில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா ராஜேஸ்வரி மட்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

விஷயத்தைப் போனில் சொன்னேன். "டாக்டர் உன்ன பத்திக் கேப்பாங்களா? வர்றேன், வர்றேன்" என்றாள். பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினாள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "சின்ன வயசுல இவர் எப்படிம்மா?"

அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"எங்க தம்பி தங்கம்ங்க. ஒரு இடத்துல உக்கார வச்சா அங்கயே இருப்பான். பெரியவங்க முன்னாடி வாய் தொறக்க மாட்டான். சொன்ன வேலைய சொன்னபடி முடிச்சிட்டுத்தான் சோத்துல கைய வைப்பான். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. வெத்தல பாக்கு கூடப் போட மாட்டாங்க."

"பொருளைத் தொலைக்கறது?"

"எங்க தம்பியா! ஊசி குடுத்தாலும் பத்து வருசம் கழிச்சித் திருப்பிக் குடுப்பான்."

என் குடை அந்த நேரத்தில் எந்தப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தது என்று எனக்கே தெரியாது. செல்வி, "இல்ல அண்ணி..." என்று தொடங்கினாள். மேஜைக்கடியில் அக்கா அவள் தொடையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் நிமிர்ந்து, "சின்ன வயசுல ஒண்ணும் இல்லன்னா, இதுக்கு அந்தப் பேர வைக்க முடியாதுங்க. பதற்றமா இருக்கலாம். மூச்சுப் பயிற்சி சொல்லித் தர்றேன். பிரஷருக்கு மாத்திரை எழுதறேன், விடாம சாப்பிடுங்க. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"பின்ன எப்படிடா சொல்றது? யாரோ ஒரு பொண்ணு நோட்டத் தொறந்து வச்சிக்கினு, உன் தம்பி எப்படின்னு கேக்குது. நான் இன்னா, கொற சொல்லுவனா?"

"அவங்க டாக்டர்க்கா."

"டாக்டரா இருந்தா இன்னா? எழுதறாங்க இல்ல? பைத்தியக்கார டாக்டர் ஏட்டுல உன் பேரு ஏறுச்சின்னா, நாளைக்கு உன் பொண்ணுக்கு எவன் வருவான்? எங்க தெருவுல ஒருத்தன இப்படித்தான் இட்டுக்கினு போனாங்க. மாத்திரை போட்டுப் போட்டு இப்ப வாயில எச்சி ஒழுவ உக்காந்துக்கினு இருக்கான். போடா, உனக்கு ஒண்ணும் இல்ல. தல நெறைய நல்லெண்ண வச்சி முழுவு."

திரும்பி வரும் பேருந்தில், கோட்டக்குப்பம் தாண்டியதும் செல்வி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். நான் முறைத்தேன்.

"ஏங்க, நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா உங்கள விசாரிக்கப் பெருமுக்கல் போனாரு இல்ல? அப்ப உங்கக்கா இதத்தாங்க சொன்னாங்க. உக்கார வச்சா அங்கயே இருப்பான், வெத்தல பாக்கு போட மாட்டான், ஊசி குடுத்தா பத்து வருசம். ஒரு வார்த்த மாறல. அன்னிக்கு எங்கப்பா ஏமாந்தாரு, இன்னிக்கு டாக்டரம்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாப்பிள்ளைக்குக் கொடுத்த நற்சான்று, ஒரு நோயாளிக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. அன்றிலிருந்து அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூச்சுப் பயிற்சி செய்தேன். மூச்சு நன்றாக வந்தது. அடுப்பில் வைத்த பால் வழக்கம்போல் பொங்கி வழிந்தது. காத்திருக்கும் நேரத்தில் போனில் ஏ.டி.எச்.டி. பற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லோருக்கும் எல்லாமும் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு நாள் நிச்சயமாக இருக்கிறது என்று தோன்றும். மறுநாள், சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷில் பெயர் தேடுகிறேனோ என்று தோன்றும். மருந்து கேட்டு அலைகிறவன் என்று டாக்டரம்மா நினைத்திருப்பாரோ என்ற வெட்கம் வேறு. மழை தொடங்கிவிட்டது. பாத்திகளெல்லாம் முழுகி, அளம் ஏரிபோல் கிடந்தது. சேகர் அடுத்த சீசனுக்கு மடை பார்க்க ஓர் ஆளைப் பேசிவைத்திருப்பதாகச் செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அப்போதுதான் அக்காவுக்கு முழங்கால் வீங்கியது. அவள் பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருந்தார்கள். அதே ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவுக்கு அவளை அழைத்துப்போக வேண்டியவன் நான்தான். அன்றே இரண்டாவது மாடியில் எனக்கும் மறுபார்வை இருந்தது. பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் போனோம்.

எக்ஸ்ரே எடுத்த பிறகு அக்காவை எலும்புப் பிரிவு வாசலில் உட்கார வைத்துவிட்டுப் படத்தை வாங்கப் போனேன். வாங்கினேன். திரும்பும் வழியில், கட்டடத்தின் பின்னால் மேல்தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு போக என்னால் முடியவில்லை. வால்வு எங்கே என்று தேடினேன். கிடைத்தது, துருவேறியிருந்தது. படத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் திருகி மூடினேன். கை கழுவும்போது கடிகாரத்தைப் பார்த்ததும் என் மறுபார்வை நினைவுக்கு வந்தது. ஓடினேன். இரண்டாவது மாடியில், மனநலப் பிரிவு வாசலில் போய் உட்கார்ந்து, நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று மூச்சு விட்டேன். அக்கா என்று ஒருத்தி கீழே இருப்பதே என் தலையில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டுப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"ஏண்டா! படம் எங்கடா?"

எழுந்து நின்றேன். கையைப் பார்த்தேன். காலி.

"எம்பேரக் கூப்ட்டு, அடுத்த ஆளு போயி, அதுக்கடுத்த ஆளும் போயாச்சி. வீங்குன கால இழுத்துக்கினு ரெண்டு மாடி ஏறி வர்றேன், தொர இங்க குந்திக்கினு இருக்கறாரு! ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து இதேதானடா நீ! மண்ணெண்ண வாங்க அனுப்புனா டின்ன வுட்டுட்டு யார் ஊட்டுக் கன்னுக்குட்டியவோ ஓட்டிக்கினு வந்தவன்தானே! அஞ்சாவது பரிச்சைக்குப் போன புள்ள கழுவெளி ஏரிக்கரைல நாரையப் பாத்துக்கினு நிக்கறான், வாத்தியாரு ஆளு வுட்டு இட்டுக்கினு போனாரு! உன்ன வாசப்படிகிட்ட உக்கார வச்சி மணியடிக்கற வேலையக் குடுத்தாரே, எதுக்கு? பெருமைக்கா? ஒரு எடத்துல குந்த மாட்டன்னுதானடா! அம்மா உன் இடுப்புல பொடவையச் சுத்தி, கட்டில் கால்ல முடிஞ்சி வச்சித்தானடா ஏழு வயசு வரைக்கும் சோறு ஊட்டுனா!"

தோல் பிரிவில் சொறிவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். எனக்கு முன்னால் போனவர் அப்போதுதான் வெளியே வந்திருந்தார். கதவைப் பிடித்தபடி டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, உள்ள வாங்க. இதையே மறுபடி சொல்லுங்க."

அக்காவின் முகம் சட்டென்று மாறியது. "ஐயையோ, அது கோவத்துல சொன்னதுங்க. எங்க தம்பி தங்கம்ங்க."

"அது போன தடவையே எழுதிட்டேன். கோவத்துல சொன்னதுதான் எனக்கு இப்ப வேணும்."

"நோட்டுல எழுதுவீங்களா?"

"எழுதுவேன். ஆனா யாருக்கும் காட்ட மாட்டேன். பொண்ணு கேட்டு வர்றவங்க யாரும் இங்க வந்து பாக்க முடியாதும்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினாள். இந்த முறை குரல் மெதுவாக இருந்தது.

"இவன் வேணும்னு ஒண்ணும் பண்ணதில்லைங்க. போவும்போது நல்லாத்தான் போவான். நடுவுல எங்கயோ வுட்டுடுவான். எங்கப்பாவுக்கு அது புரியாது, பெல்ட்டத்தான் எடுப்பாரு. நான் முன்னாடி போயி நின்னுக்குவேன். டின்னத் தொலச்சது நான்தான், தம்பி நல்ல புள்ள, சொன்னதச் செய்வான்னு சொல்லுவேன். அப்பலேர்ந்து இவனப் பத்தி யார் கேட்டாலும் எனக்கு அதாங்க வாயில வருது."

அப்பா அக்காவை அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. எதற்காக அடித்தார் என்பது அன்றுதான் தெரிந்தது.

எக்ஸ்ரே படம் வால்வுக்குப் பக்கத்திலேயே பத்திரமாகக் கிடந்தது. அக்காவின் முறை போய்விட்டதால் எலும்பு மருத்துவரைப் பார்க்க இன்னொரு நாள் வர வேண்டியதாயிற்று. அதற்கும் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டேன்.

ஏ.டி.எச்.டி.தான் என்று டாக்டரம்மா சீட்டில் எழுதினார். பெயர் கிடைத்துவிட்டால் மனது லேசாகிவிடும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. கோபம்தான் வந்தது. இடுப்பில் புடவை கட்டி உட்கார வைத்த பிள்ளையைப் பார்த்து, இவனுக்கு என்னவோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்தக் காலத்தில் எங்கே அழைத்துப் போயிருப்பார்கள் என்று அறிவு கேட்கிறது. கோபம் அறிவு சொல்வதைக் கேட்பதாக இல்லை.

ரத்த அழுத்தம் இறங்கி, ஈ.சி.ஜி.யும் சரியாக இருந்த பிறகு, மெதுவாக ஏறும் வகை மருந்தைக் கொடுத்தார். முதல் நாட்களில் குமட்டலும் நாக்கு வறட்சியும்தான் கண்ட பலன். சோறு பிடிக்கவில்லை. சிறுநீர் கழிக்கப் போனால் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதை டாக்டரம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டுச் செல்வியை விட்டுச் சொல்ல வைத்தேன். அளவைக் குறைத்து, பிறகு மறுபடி படிப்படியாக ஏற்றினார். ஒரு நாள் மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் விழித்தேன். மறதிக்கான மாத்திரையை மறக்காமல் போட வேண்டும் என்பதை எந்த மகான் யோசித்தாரோ. இரண்டாவது முறை போட்டுவிடக் கூடாது என்பதற்காக இப்போது கிழமை எழுதிய டப்பாவில் செல்வி போட்டு வைக்கிறாள். அவளுக்கு அலுத்துப்போன நாட்களும் உண்டு. "எனக்கும் யாராவது டப்பா வாங்கிக் குடுங்க" என்பாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாற்றம் தெரிந்தது. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சேகர் பேசிக்கொண்டிருந்தான், அவன் சொன்னதை முடிவுவரை கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான், கேட்டு முடித்தேன் என்பதே தெரிந்தது. மாத்திரை இல்லாமலே அது நடந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் அப்படித்தான் சொன்னார்: "பாத்துக்கிட்டே இருக்கணும்."

பொங்கல் முடிந்து அளத்தில் சேறு மிதித்துப் பாத்தி சமன் செய்யும் வேலை தொடங்கியபோது, சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயர், மருந்து, அக்கா மாடியில் போட்ட கூச்சல், எல்லாம். சிரித்தான். பிறகு அளத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, மருந்து நல்லதுதான். ஆனா தண்ணிக்குத் தெரியாதே நீங்க மருந்து சாப்புடறது."

"தெரியாதுதான்."

"தெக்குப் பக்கம் பாதிய நீங்க பாருங்க. வடக்க அந்த ஆளு பாக்கட்டும். சீசன் பாதில பேசிக்குவோம்."

பாதி. எனக்கு மனம் ஒப்பவில்லை. என் வேலையில் பாதியை, நேற்று வந்த ஒருவனுக்குப் பக்கத்தில் நின்று, பரீட்சை எழுதுவதுபோல் செய்ய வேண்டும். முடியாது என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, "சரி" என்றேன். அது மருந்தாகவும் இருக்கலாம், வயதாகவும் இருக்கலாம்.

போன வாரம் தெற்குப் பாத்திகளுக்கு முதல் தண்ணீர் விட்டேன். மிதவை சரியான டிகிரி காட்டிய பிறகு மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டு நின்றேன். தண்ணீர் தரையோடு தரையாக, அவசரமில்லாமல் பரவியது. சட்டைப் பையில் போன் அடித்தது. அக்கா. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கை பைக்குப் போனது. எடுக்கலாமா என்று ஒரு கணம் நின்றது. திரும்பி மண்வெட்டிக்கே வந்துவிட்டது. கடைசிப் பாத்தி நிறைந்து, மடையை மண் வைத்து அடைத்து, காலால் மிதித்துக் கெட்டித்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன்.

"ஏண்டா எடுக்கல? எத்தினி தடவ அடிக்கறது! போன எங்கயாவது தொலச்சிட்டியா?"

"தண்ணி ஓடிக்கினு இருந்துச்சிக்கா."

இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"அப்ப சரி" என்றாள் அக்கா. "நீ வேலையப் பாரு. அப்புறமா பேசலாம்."

"நானே கூப்பிடறேன்க்கா."

"நீ எங்க கூப்பிடப் போற. நானே பண்றேன்."